தீர்ப்புக்கு முந்தைய பக்கங்கள்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு உலகறிந்தது. அரசுப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளையினக் குழந்தைகளையும் பிரித்து வைப்பது அரசமைப்புக்கு முரணானது என ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக உரைத்தனர். 'பிரிந்திருப்பினும் சமமே' என 1896 முதல் செல்வாக்குப் பெற்றிருந்த கோட்பாடு கல்வித்துறையில் அன்று வீழ்ந்தது. இவ்வரலாற்றைத் தலைமை நீதிபதி ஏர்ல் வாரனிடமிருந்தோ, வழக்குரைஞர் தர்குட் மார்ஷலிடமிருந்தோ தொடங்குவது எளிது.

ரிச்சர்ட் குளூகர் அவ்வாறு தொடங்கவில்லை. இதழாளராகவும் பதிப்பாசிரியராகவும் பணியாற்றிய அவர் 1975இல் வெளியிட்ட 'சிம்பிள் ஜஸ்டிஸ்' என்னும் பெருநூல், தென் கரோலினா மாநிலத்துக் கிளாரண்டன் வட்டாரத்தில் ஜோசப் டிலேன் என்னும் கறுப்பினப் போதகர் பட்ட துன்பங்களோடு தொடங்குகிறது. குளூகர் தீர்ப்பின் வாசகத்தோடு நில்லாது, வழக்கில் பங்கேற்றோரைத் தேடிக் கண்டு உரையாடினார். அவ்வாய்வுக் குறிப்புகள் இன்று யேல் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. நூலைக் கிளாரண்டனில் தொடங்கியது கதைச்சுவை கருதியதன்று. ஆய்வில் அவர் கண்ட உண்மையே அவரை அங்கு இட்டுச் சென்றது என்பது என் துணிபு.

கிளாரண்டனில் வெள்ளையினக் குழந்தைகளுக்கு முப்பது பள்ளிப் பேருந்துகள் ஓடின. கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை. சிலர் ஒன்பது மைல் தொலைவு நடந்தனர். பெற்றோர் தம் பொருளைத் திரட்டிப் பழைய பேருந்து ஒன்றை வாங்கினர்; அது அடிக்கடி பழுதுபட்டு நின்றது. எனவே 1947இல் லீவை பியர்சன் என்னும் உழவர், பேருந்து ஒன்று வேண்டி மனு அளித்தார். பின்னர்த் தொடுத்த வழக்கோ, அவர் நிலவரி செலுத்தியது வேறொரு பள்ளி எல்லைக்கு என்னும் காரணம் காட்டித் தள்ளப்பட்டது! 1949–50ஆம் கல்வியாண்டில் அவ்வட்டாரம் வெள்ளையினக் குழந்தை ஒன்றுக்கு 179 டாலரும், கறுப்பினக் குழந்தை ஒன்றுக்கு 43 டாலரும் செலவிட்டது. 'சமம்' என்னும் சொல்லின் பொருளை இவ்விரண்டு எண்களைக் காட்டிலும் தெளிவாக எந்த அகராதியும் விளக்கிவிடாது.

தனிமனிதத் துயரங்கள் வரலாற்றின் ஓரக்குறிப்புகளே, சட்டத்தை மாற்றியது நீதிமன்றமே என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஊரார் முதலில் கேட்டது ஒரு பேருந்து. அடுத்துக் கேட்டது சமமான பள்ளி. பிரிவினையையே எதிர்க்கும் நிலைக்கு வழக்கை உயர்த்தியதில் மார்ஷலுக்கும், நீதிபதி வாட்டீஸ் வாரிங்குக்கும் பெரும்பங்கு உண்டு. ஆயினும் வழக்குரைஞரின் வாதம் நீதிமன்றத்தின் வாயிலைக் கடக்க வேண்டுமெனில், மனுவில் ஒருவர் தம் பெயரை எழுதியாக வேண்டும். அகரவரிசையில் முதலாவதாக நின்றமையால் வழக்குக்கே பெயரான ஹாரி பிரிக்ஸ், பெட்ரோல் நிலையத்தில் தாம் பார்த்த வேலையை இழந்தார். விடுதியில் பணிபுரிந்த அவர் மனைவியும் வேலை இழந்தார். டிலேனின் வீடு எரிந்தது. பின்னர் அவர் தேவாலயமும் எரிக்கப்பட்டது. இறுதியில் அவர் மாநிலத்தை விட்டே வெளியேறினார். கையெழுத்துக்கு இத்தகைய விலை கொடுத்தோரை ஓரக்குறிப்பு என ஒதுக்குவது எவ்வகையில் பொருந்தும்?

கான்சாஸ், தென் கரோலினா, வர்ஜீனியா, டெலவேர் ஆகிய நான்கு மாநிலங்களின் வழக்குகளை இணைத்தே அத்தீர்ப்பு எழுதப்பட்டது. அவற்றுள் வர்ஜீனியா வழக்கைத் தொடங்கி வைத்தோர் பள்ளி மாணவரே. பார்ம்வில் நகரின் மோட்டன் உயர்நிலைப்பள்ளி ஏறத்தாழ 180 பேருக்கெனக் கட்டப்பட்டது. 1951இல் அங்குப் படித்தோர் 450க்கும் மேற்பட்டோர். மிகுந்தோர்க்குத் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளே வகுப்பறைகளாயின. அவ்வாண்டு ஏப்ரல் 23ஆம் நாள், பார்பரா ஜான்ஸ் என்னும் பதினாறு வயது மாணவி தலைமையாசிரியரைத் தொலைபேசிவழிச் சூழ்ச்சியால் வெளியே அனுப்பிவிட்டு, மாணவர் அனைவரையும் அரங்கில் கூட்டி வேலைநிறுத்தத்துக்கு அழைத்தாள். அவர்கள் விரும்பியது நல்லதொரு கட்டடம். பிரிவினையையே எதிர்ப்பதாயின் துணைநிற்போம் என்றனர் வழக்குரைஞர்கள். மாணவரும் பெற்றோரும் இசைந்தனர். பார்பராவின் பாதுகாப்புக் கருதிக் குடும்பத்தார் அவளை அலபாமாவிலிருந்த பெரியப்பாவின் இல்லத்துக்கு அனுப்பிவிட்டனர்.

தீர்ப்போடு வரலாற்றை முடித்துக்கொள்வதும் பிழையே. எத்தனை ஆண்டுகளுக்குள் பள்ளிகள் ஒன்றுபட வேண்டும் என்று 1955ஆம் ஆண்டின் தொடர் ஆணை வரையறுக்கவில்லை; அந்த இடைவெளியில் எதிர்ப்பு வளர்ந்தது. மோட்டன் பள்ளி அமைந்த பிரின்ஸ் எட்வர்டு வட்டாரம், இரு இனக் குழந்தைகளையும் ஒன்றாக அமர்த்துவதற்கு மாறாக, 1959இல் தன் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடிவிட்டது. வெள்ளையினக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி எழுந்தது. கறுப்பினக் குழந்தைகளுள் சிலர் வெளியூர் உறவினரிடம் சென்றனர். பலர் வீட்டிலேயே இருந்தனர். உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்ட பின்னரே, 1964இல் அரசுப் பள்ளிகள் திறக்கப்பட்டன. பத்து வயதில் வெளியே நிறுத்தப்பட்ட குழந்தைக்கு அப்போது வயது பதினைந்து. இழந்த கல்வியைத் தொடர அவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டத்தை வர்ஜீனியா சட்டமன்றம் 2004இல் கொண்டுவந்தது. அதனைப் பெறும் தகுதியுடையோர் அப்போது ஏறத்தாழ ஐம்பது வயதினராகவும் அதனைக் கடந்தவராகவும் இருந்தனர்.