475 லிட்டர்ல ஒரு வீடு!

கேட்டரிங் காலேஜ், ஹோட்டல் மேனேஜ்மென்ட், மரைன் கோர்ஸ் கோஷ்டி எல்லாம் கொஞ்சம் முன்வரிசைக்கு வாங்க. இந்த வாரம் மேட்டர் உங்களுக்குத்தான். மத்தவங்க கடைசி பெஞ்ச்ல உட்கார்ந்து கேளுங்க. ஹாஸ்டல் ரூமுக்காவது யூஸ் ஆகும்!

கேம்பஸ்ல 'க்ரூஸ் கப்பல்ல வேலை'ன்னு பேச்சு அடிபட்டாலே நம்ம மனசுல என்ன படம் ஓடும்? நீச்சல் குளம், பால்கனி, ஜன்னலைத் திறந்தா கடல், கையில ஜூஸ். அதெல்லாம் நிஜமாவே இருக்கு பாஸ். ஆனா, அது டிக்கெட் வாங்கினவங்களுக்கு. வேலைக்குப் போற உங்களுக்குக் கீழ்த்தளத்துல ஒரு கேபின் காத்திருக்கும். மேல ஒரு கட்டில், கீழ ஒரு கட்டில், ஆளுக்கு ஒரு அலமாரி, முன்னப்பின்ன தெரியாத ஒரு ரூம்மேட். பயணிங்க நாலு நாள்லயோ ஒரு வாரத்துலயோ இறங்கிடுவாங்க. நீங்க ஆறு மாசம், எட்டு மாசம், சில கான்ட்ராக்ட்ல ஒன்பது மாசம்கூட அங்கேயே குடித்தனம் பண்ணணும்.

அந்த ரூம்ல பொருளை எப்படி அடுக்குறதுங்கிறதுதான் இன்னிக்குப் பாடம். "துணி மடிக்கிறதுக்கெல்லாம் ஒரு பக்கமா?"ன்னு சிரிக்காதீங்க. உங்க தூக்கம், உங்க ரூம்மேட் தூக்கம், ஒரு அவசரம்னு வந்தா உங்க உயிர்... மூணும் இந்த அடுக்குற வேலையில மாட்டிக்கிட்டு இருக்கு.

முதல்ல கணக்குப் பாடம்

நான் இன்ஜினீயரிங் பையன். நம்பர் இல்லாம எனக்குப் பேச வராது. கப்பல் ஊழியர்களுக்குன்னு உலக அளவுல ஒரு சட்டப் புத்தகம் இருக்கு. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006. செல்லமா எம்.எல்.சி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டு வந்தது. 2013 ஆகஸ்ட்ல அமலுக்கு வந்துச்சு. 2015-ல இந்தியாவும் ஏத்துக்கிச்சு. அதுக்குள்ள உங்க அலமாரியோட அளவு வரைக்கும் எழுதி வச்சிருக்காங்க!

பயணிகள் கப்பல்ல அதிகாரி அல்லாத ரெண்டு பேர் தங்குற கேபின்னா, குறைஞ்சது 7.5 சதுர மீட்டர். நம்ம கணக்குல சுமார் 80 சதுர அடி. பத்தடிக்கு எட்டடி. கட்டில் உள்ளளவு 198 சென்டிமீட்டர் நீளம், 80 அகலம். ஆளுக்கு ஒரு துணி அலமாரி, குறைஞ்சது 475 லிட்டர். கூடவே 56 லிட்டர் இழுப்பறை. ரெண்டும் ஒண்ணா இருந்தா மொத்தம் 500 லிட்டர். உள்ள ஒரு தட்டு இருக்கணும். முக்கியமா, அதை நீங்களே பூட்டிக்கிற மாதிரி இருக்கணும். இதெல்லாம் இந்தச் சட்டம் வந்த பிறகு கட்டின கப்பல்களுக்கு. பழைய கப்பல்னா பழைய விதி, அளவு மாறும்.

475 லிட்டர்னா எவ்வளவு? 190 லிட்டர் சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் ரெண்டரை. அதுக்குள்ள எட்டு மாச வாழ்க்கை. ஷூ, ஜட்டி, ஜாக்கெட், சாமி படம் எல்லாம் சேர்த்து!

கட்டிலுக்குக் கீழ ஒரு புதையல்

இப்ப ஒரு மேஜிக். ரெண்டடுக்குக் கட்டில்ல கீழ்க்கட்டில் தரையிலிருந்து 30 சென்டிமீட்டராவது உயரத்துல இருக்கணும்னு எம்.எல்.சி-யோட வழிகாட்டுதல் சொல்லுது. கால்குலேட்டரை எடுங்க. 198 பெருக்கல் 80 பெருக்கல் 30. விடை, 475 லிட்டர்! அதாவது கட்டிலுக்கு அடியில இன்னொரு முழு அலமாரி படுத்துக்கிட்டு இருக்கு. பலகை, சட்டம்னு கழிச்சாலும் சில கேபின்ல இழுப்பறை வச்சு மூடியிருந்தாலும் பெரிய இடம் அதுதான்.

ஆனா, அது ரெண்டு பேருக்கும் பொது. கீழ்க்கட்டில் கிடைச்சவர் "என் கட்டில், என் இடம்"னு சொன்னா மேல படுக்கிறவருக்குப் பட்டை நாமம். அதனால, முதல் நாளே பேசிடுங்க. தலைமாட்டுப் பக்கம் ஒருத்தருக்கு, கால்மாட்டுப் பக்கம் ஒருத்தருக்கு. கேபின்ல போடுற முதல் ஒப்பந்தம் இதுவா இருக்கட்டும்.

பெட்டிதான் முதல் எதிரி

புதுசா கப்பல் ஏறுறவங்களை வீட்டுல பெருமையா ஒரு பெரிய ஹார்டு சூட்கேஸோட அனுப்பி வைப்பாங்க. 75 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 30 தடிமன்னு வைங்க. 112 லிட்டர். ஏர்போர்ட்ல ஜம்முனு உருளும். கேபினுக்கு வந்து துணியை எடுத்து அடுக்கின பிறகு, அந்தக் காலிப் பெட்டி எட்டு மாசத்துக்கு உங்க இடத்துல நாலுல ஒரு பங்கை வாடகை தராம அனுபவிக்கும்.

அதனால மடிச்சு வைக்கிற துணிப் பை பெஸ்ட். சூட்கேஸ்தான் இருக்குன்னா அதைக் காலியா விடாதீங்க. ஊருக்குத் திரும்பறப்ப போடுற டிரஸ், குளிர் ஜாக்கெட், தங்கச்சிக்கு வாங்கின பொம்மைன்னு தினமும் தேவைப்படாததை எல்லாம் அதுல போட்டுக் கட்டிலுக்கு அடியில தள்ளுங்க.

துணி? எட்டு மாசத்துக்கும் எட்டு நாளுக்கும் ஒரே கணக்குதான். கப்பல்ல ஊழியர்களுக்குத் துவைக்கிற வசதி இருக்கும். பல கம்பெனில யூனிஃபார்மும் கப்பல்லயே கொடுத்துடுவாங்க. ஆஃபர் லெட்டரோட வர்ற லிஸ்ட்டை வரி விடாம படிங்க. உங்க சொந்த டிரஸ் போடுற நேரம் ரொம்பக் கம்மி. ஏழெட்டு செட் தாராளம்.

இருட்டுல கை விட்டா கிடைக்கணும்

இதுதான் இந்த வாரத்தோட மெயின் மேட்டர். பயணிகள் கப்பல்ல ஊழியர் கேபின் நீர்மட்டத்துக்குக் கீழகூட இருக்கலாம்னு சட்டம் அனுமதிக்குது. லைட்டும் காத்தோட்டமும் சரியா இருக்கணும், அவ்வளவுதான். அங்கே ஜன்னல் கிடையாது. பகல் பன்னெண்டு மணியும் ராத்திரி பன்னெண்டு மணியும் ஒண்ணுதான். லைட் ஸ்விட்ச்தான் சூரியன்.

ஒரு நாளைக்கு குறைஞ்சது 10 மணி நேரம் ஓய்வு தரணும்னு அதே எம்.எல்.சி. சொல்லுது. ஆனா அதை ரெண்டாப் பிரிச்சுக் கொடுக்கலாம். அதுல ஒண்ணு 6 மணி நேரத்துக்குக் குறையாம இருந்தா போதும். அப்ப என்ன ஆகும்? நீங்க விடியக்காலை பஃபே டியூட்டிக்கு நாலரைக்கு எந்திரிக்கிறீங்க. ரூம்மேட் பார் டியூட்டி முடிச்சு ரெண்டு மணிக்குத்தான் படுத்திருக்கார். நீங்க லைட்டைப் போட்டு, சாக்ஸ் தேடி, பிளாஸ்டிக் கவரைச் சரசரன்னு உருட்டினா அவரோட ஆறு மணி நேரம் காலி. மறுநாள் அவர் அதையே உங்களுக்குச் செய்வார். எட்டு மாசம். யோசிச்சுப் பாருங்க!

எங்க தெருவுல ஒரு அண்ணன் கப்பல்ல ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறார். அவர்கிட்ட டிப்ஸ் கேட்டப்ப, "அழகா அடுக்குறது ரெண்டாவது தம்பி. கண்ணை மூடிக்கிட்டு எடுக்க முடியுதான்னு பாரு"ன்னார். அதை அப்படியே வழிமுறையா மாத்தினா இப்படி:

* நாளைக்குப் போடுற யூனிஃபார்ம், பெல்ட், சாக்ஸ், நேம் பேட்ஜ் எல்லாத்தையும் படுக்கப் போறதுக்கு முன்னாடியே ஒரே ஹேங்கர்ல மாட்டிடுங்க. காலையில ஒரு கை, ஒரு ஹேங்கர், கதவைச் சாத்திட்டு வெளியே.

* உள்ளாடை, சாக்ஸ், டி-ஷர்ட்டுக்குத் தனித்தனியா ஜிப் வச்ச துணிப் பை. பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம். சத்தம்தான் பிரச்னை.

* ஒவ்வொண்ணுக்கும் ஒரே இடம். அம்மா சமையல்கட்டுல கரன்ட் கட்லயும் கடுகு டப்பாவைச் சரியா எடுப்பாங்களே, அந்த ரேஞ்சுக்குக் கை பழகணும்.

* சோப்பு, ஷேவிங் செட், நாப்கின் எல்லாம் கொக்கி வச்ச ஒரே பையில. பாத்ரூமுக்குப் பையோட போய் பையோட வரணும். ரெண்டு பேர் சாமானை வைக்க அங்கே இடம் பத்தாது.

சுவரும் கூரையும்

கப்பல் கேபின் சுவர் பெரும்பாலும் ஸ்டீல் தகடு. ஆணி அடிக்க முடியாது, அடிக்கவும் கூடாது. ஆனா காந்தம் ஒட்டும்! காந்தக் கொக்கி நாலு வாங்கிட்டுப் போனா தொப்பி, ஐ.டி. கார்டு, துண்டு எல்லாம் சுவர்ல தொங்கும். தரை காலியாகும்.

ஒரு மெக்கானிக்ஸ் உண்மை. டப்பாவுல '10 கிலோ தாங்கும்'னு போட்டிருக்கிறது நேரா இழுக்கிற விசைக்கு. சுவர்ல மாட்டினா எடை கீழ்நோக்கி இழுக்கும். உராய்வு மட்டும்தான் அதைப் பிடிச்சு வைக்கும். உராய்வுக் குணகம் 0.2, 0.3-ன்னு போட்டா ரெண்டு, மூணு கிலோதான் மிச்சம். கனமான பையை மாட்டிட்டு, வழுக்கி ரூம்மேட் மூக்குல விழுந்தப்புறம் பிசிக்ஸைத் திட்டக் கூடாது.

கூரையில குட்டியா கண்ணாடிக் குப்பி வச்ச ஒரு குழாய் முனை தெரியும். அது தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர். ஹேங்கர் மாட்ட வாகா இருக்கேன்னு கை போயிடாதீங்க. குப்பி உடைஞ்சா தண்ணி கொட்டும். உங்க 475 லிட்டரும் நனைஞ்சிடும்!

அப்புறம், ஜங்ஷன் பாக்ஸ். ப்ளக் பாயின்ட் கம்மியா இருக்குமேன்னு சர்ஜ் புரொடெக்டர் வச்சதை வாங்கிட்டுப் போகாதீங்க. நம்ம வீட்டுல ஒரு கம்பியில மட்டும்தான் கரன்ட். பல கப்பல்ல சப்ளை எர்த்தோட இணைக்கப்பட்டிருக்காது. ரெண்டு கம்பியிலயும் வோல்டேஜ் இருக்கும். ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கிற வீட்டு சாதனம் அங்கே சூடாகித் தீப்பிடிக்கலாம். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013-லயே இதுக்குன்னு தனியா எச்சரிக்கை விட்டிருக்கு. அயர்ன் பாக்ஸ், கெட்டிலும் வேண்டாம். பல கம்பெனில தடை. செக்கிங்ல தூக்கிடுவாங்க.

ஆடுற வீடு

ஹாஸ்டல் ரூமுக்கும் கேபினுக்கும் பெரிய வித்தியாசம், இது ஆடும். கனமானது கீழ, லேசானது மேல. பெர்ஃப்யூம், எண்ணெய் மாதிரி பாட்டிலை எல்லாம் சாக்ஸுக்குள்ள நுழைச்சு இழுப்பறையில படுக்க வைங்க. திறந்த தட்டுல வச்சது எல்லாம் ஒரு நாள் தரைக்கு வரும். ஊறுகாய் பாட்டில்? அம்மாவைச் சமாதானப்படுத்துங்க. கேபின்ல சாப்பாட்டுப் பொருளே வைக்க விடாத கம்பெனிகள் உண்டு. விதியைப் பார்த்துட்டு, அனுமதி இருந்தா சீல் பண்ணின பருப்புப்பொடி பாக்கெட். தட்டையா இருக்கும், சிந்தாது.

லைஃப் ஜாக்கெட் மேல எதையும் அடுக்காதீங்க. கதவுக்குப் பின்னாடி, வழியில, பையைப் போட்டு வைக்காதீங்க. ஏழு குட்டைச் சத்தம், ஒரு நீளச் சத்தம்... அதுதான் கப்பலோட அவசர அலாரம். அது அடிக்கிறப்ப கரன்ட் இல்லாமக்கூடப் போகலாம். அந்த நிமிஷம் ஜாக்கெட்டும் ஷூவும் இருட்டுல ஒரே எட்டுல கைக்கு வரணும். அதோட, பயணிகளைக் கூட்டிட்டுப் போறதே உங்க டியூட்டியா இருக்கலாம்.

பூட்டு உங்க உரிமை

அந்த 80 சதுர அடியில மத்தது எல்லாமே பங்குதான். லைட், பாத்ரூம், ஏ.சி., தூக்கம்கூட. உங்களைத் தவிர வேற யாரும் திறக்காத ஒரே இடம் அந்த அலமாரி. சர்ட்டிஃபிகேட் ஃபைல், சம்பளப் பணம், வீட்டு போட்டோ, டைரிக்கு மேல்தட்டுல தனி மூலை ஒதுக்குங்க. பூட்டு உடைஞ்சிருந்தா 'புதுசா வந்திருக்கோம், எதுக்கு வம்பு'ன்னு சும்மா இருக்காதீங்க. சரிபண்ணித் தரச் சொல்லுங்க. கப்பல்லயே புகார் கொடுக்கிற வழிமுறை இருக்கணும், புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாதுன்னும் எம்.எல்.சி. சொல்லியிருக்கு.

ரைட்டு, ஹோம்வொர்க்! 60 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 132 உயரம். பெருக்கினா 475 லிட்டர். இன்டர்வியூ முடிச்சு ஜாய்னிங் டேட்டுக்குக் காத்திருக்கிறவங்க வீட்டு பீரோவுல அந்த அளவுக்கு டேப் ஒட்டுங்க. ஒரு வாரம் அதுல வைக்கிறதை மட்டும் வச்சு வாழ்ந்து பாருங்க. தினமும் விடியக்காலை நாலரைக்கு லைட் போடாம கிளம்புங்க. பக்கத்துல தூங்குற தம்பி முழிச்சுக்கிட்டா ஃபெயில்.

தம்பி குறட்டை நிக்காம ஓடுதா? நீங்க கப்பலுக்கு ரெடி பாஸ்!