முதல் கமரா பழையதாகவே இருக்கட்டும்

"போன் ஈக்கிதானே மகள், பொறகு எதுக்கு கெமரா?"

வாப்பா இப்படிக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அது நியாயமான கேள்விதான். வெள்ளவத்தையில் ரயில் பாதையோரம் நின்று மாலைக் கடலைப் படமெடுக்கக் கைத்தொலைபேசி தாராளமாகப் போதும். ஏ4 தாளின் முழுப் பக்கத்தில் ஒரு படத்தைத் தெளிவாக அச்சிடச் சுமார் 87 இலட்சம் புள்ளிகள் வேண்டும். அதாவது ஒன்பது மெகாபிக்சல்கூட இல்லை. இன்றைய தொலைபேசிகளில் பெரும்பாலானவை அதைத் தாண்டிவிட்டன. ஆகவே "இருபது மெகாபிக்சல்" என்று யாராவது சொன்னால் நாம் மயங்கத் தேவையில்லை.

நான் மயங்கினேன். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் நானா என்னை ஒரு கடைக்கு அழைத்துச் சென்றார். இருபது மெகாபிக்சல், நாற்பது மடங்கு ஸூம், புத்தம் புதுப் பெட்டி. எங்கள் காசுக்கு அதுதான் கிடைக்கும் என்றார்கள். நாங்களும் மகிழ்ச்சியோடு வாங்கி வந்தோம்.

இரண்டு மாதத்தில் சாச்சியின் மகளுக்குக் கொட்டாஞ்சேனையில் கல்யாணம். பெண்கள் பகுதிக்குள் ஆண் படப்பிடிப்பாளர் வருவதில்லை என்பதால் உள்ளே படமெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மண்டபத்தில் மஞ்சள் விளக்குகள், அவையும் மங்கல். ஃபிளாஷ் போடாமல் எடுத்தால் எல்லோரும் ஆவிகள் போலக் கலங்கித் தெரிந்தார்கள். போட்டு எடுத்தால் முன்னால் இருந்த சஹன் தட்டம் பளிச்சென்று விழுந்தது, பின்னால் கதிரையில் இருந்த உம்மும்மா இருட்டுக்குள் போய்விட்டார். அவர் அன்று ஊதா நிறச் சேலை உடுத்தி, வழமைக்கு மாறாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த நோன்புக்கு அவர் எங்களோடு இல்லை. அன்றைய நாளில் அவரது படம் என்று எங்களிடம் இருப்பது, மணல் தூவியது போன்ற ஒரு முகம் மட்டுமே.

பிறகுதான் காரணத்தைத் தேடி வாசித்தேன். கமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கும் சென்ஸர் என்ற சில்லு அந்தப் புதுக் கமராவில் 6.2க்கு 4.6 மில்லிமீற்றர். கண்ணாடி வைத்த பழைய டி.எஸ்.எல்.ஆர். கமராவில், உதாரணமாகக் கெனன் 1300டியில், அது 22.3க்கு 14.9 மில்லிமீற்றர். பரப்பளவில் பதினொரு மடங்குக்கும் மேல். மழைநீரைக் கோப்பையில் பிடிப்பதும் வாளியில் பிடிப்பதும் போன்ற வித்தியாசம். பெட்டியின் மீது பெரிய எழுத்தில் போட வேண்டியது இதைத்தான். போடமாட்டார்கள்.

எனவே என் கருத்து இது: காசு குறைவென்றால் புதியதில் மலிவானதை வாங்காதீர்கள். பழையதில் நல்லதை வாங்குங்கள். 2022 மார்ச்சில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவானது. அதற்குப் பிறகு புதிய கமரா நம் போன்ற வீடுகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அதேவேளை பெரிய நிறுவனங்களின் கவனம் கண்ணாடியில்லாத கமராக்களின் பக்கம் திரும்பியதால், பத்து வருடப் பழைய டி.எஸ்.எல்.ஆர்.களைப் பலரும் விற்கிறார்கள். 2014இல் வந்த நிகோன் டி3300, 2016இல் வந்த கெனன் 1300டி இரண்டுமே இன்றும் ஒரு மாணவிக்குத் தாராளம். வாப்பா எனக்கு விதித்த எல்லை அறுபதாயிரம் ரூபா. அதற்குள் ஒரு டி3300 கிடைத்தது.

பாவித்த கமரா வாங்கும்போது வெட்கப்படாமல் சோதிக்க வேண்டும். தொலைபேசியின் டோர்ச்சை வில்லைக்குள் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சணம், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். துவாரத்தை எஃப்16க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்ஸரில் தூசி, அதைத் துப்புரவாக்கலாம், விலையையும் குறைத்துக் கேட்கலாம். டி3300இன் ஷட்டர் ஒரு இலட்சம் தடவைக்குச் சோதிக்கப்பட்டது. எத்தனை தடவை அடித்திருக்கிறது என்ற கணக்கு நிகோனில் எடுக்கும் படத்தின் கோப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும். நான் வாங்கியது 14,000 கூட அடித்திருக்கவில்லை. யாரோ வாங்கி அலுமாரியில் வைத்திருந்திருக்கிறார்கள்.

பிறகு, ஸூம் ஆசையை விட்டுவிட்டு எஃப்1.8 வில்லை ஒன்றுக்குக் காசு சேருங்கள். கமராவோடு வரும் வில்லை நீட்டிய நிலையில் எஃப்5.6. அதைவிட எஃப்1.8 ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மங்கிய மண்டபத்துக்கு அதுதான் மருந்து. நிகோன் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏ.எஃப்.-டி என்ற பழைய வில்லைகள் மலிவு, ஆனால் டி3300 போன்ற உடலில் அவை தானாகக் குவியமாட்டா. ஏ.எஃப்.-எஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடல் காற்றுப் படும் வீடுகளில் தோல் பையில் கமராவை வைப்பது பூஞ்சணத்துக்கு விருந்து. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். அரிசிக்குள் புதைக்கச் சொல்வார்கள், அந்த மாவுத் தூசி வில்லைக்குள் போய்விடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தொலைபேசியில் எடுத்த கல்யாணப் படம் சாப்பாடு முடிவதற்குள் பத்து வட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விடுகிறது. கமராவில் எடுத்தது அட்டைக்குள் இருக்கும். அந்த அட்டையை மணமகளின் உம்மாவின் கையிலேயே கொடுத்துவிடலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். பெண்கள் பகுதியைப் படமெடுக்கத் தெரிந்த பெண் நம் சமூகத்தில் எவ்வளவு தேவைப்படுகிறாள் என்பதைக் கல்யாணம் செய்து கொடுத்த உம்மாமார் அறிவார்கள்.

"படிப்பு முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்பவர்களுக்கு ஜூலியா மார்கரெட் கமரனைச் சொல்வேன். 1863இல், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கமராதான் அவருடைய முதல் கமரா. உலகம் அறிந்த முகப்படங்களை அதற்குப் பிறகே எடுத்தார். 1875இல் இலங்கைக்குக் குடிவந்து, 1879இல் இங்கேயே காலமானார். அவரது கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. ஆக, பிந்தினாலும் தவறில்லை என்று வாப்பா இந்தக் கதையைத் தன் பக்கம் திருப்பிவிட்டார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்!

கடைசியாக நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். பல வீடுகளில் ஒரு கல்யாணத்துக்கோ உம்ரா பயணத்துக்கோ வாங்கிய கமரா அலுமாரியில் தூங்குகிறது. நான்கைந்து சேர்ந்தால், நூலகப் புத்தகம் போல மாணவியர் வார இறுதியில் எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்யலாம். முதல் பெட்டிக்கான சிலிக்கா ஜெல்லை நான் கொண்டுவருகிறேன். உங்கள் கமராவைக் கொண்டுவருமுன் பட்டரி ஊதியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை திறந்து பாருங்கள்.