கடைசி நாள் கடைகளுக்கா?

தாய்லாந்துக்கு நான்கு இரவு, ஐந்து பகல். சீட்டுப் பணம் எடுத்து, பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததும் குடும்பத்தோடு முதன்முறையாக விமானம் ஏறும் பலருக்கு இந்த பேக்கேஜ்தான் கட்டுப்படியாகிறது. பட்டாயாவில் கடல், படகு, தீவு என்று முன்பாதி சந்தோஷமாகவே கழிகிறது. வயிற்றெரிச்சல் எல்லாம் பாங்காக்குக்குக் கிளம்பும் நாளில்தான்.

இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 150 கிலோமீட்டர். காலையில் புறப்படும் பஸ் நேராக ஒரு ரத்தினக்கல் கடை வாசலில் நிற்கும். இறங்கியதும் சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எந்த கைடு அழைத்துவந்த கூட்டம், கமிஷன் யார் கணக்கில் சேர வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. விற்பனைப் பெண் இந்தியில் பேசிக்கொண்டே கூடவே வருவார். வெளியேறும் வழி, கண்ணாடிப் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றித்தான் போகும். அது முடிந்தால் தோல் பொருள் கடை, தேன் கடை, மெத்தைக் கடை. பாங்காக் அரண்மனையில் மாலை 3.30 மணிக்கு டிக்கெட் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு போய்ச் சேர்ந்தால், உள்ளே இருக்கும் மரகத புத்தர் கோயிலின் கோபுரத்தை மதிலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். "டிராஃபிக் சார், என்ன பண்றது?" என்று கைடு கையை விரிப்பார். மறுநாள் விமானம்.

கைடை மட்டும் திட்டிப் பயனில்லை. போட்டிக்காக விலையைக் குறைக்கும் ஏஜென்ட், அங்கே பஸ்ஸும் ஓட்டலும் ஏற்பாடு செய்பவருக்கு அடக்க விலையைக்கூடத் தருவதில்லை. துண்டு விழும் பணத்தைக் கடைக்காரரின் கமிஷன் ஈடுகட்டுகிறது. தொழிலில் இதற்கு 'ஜீரோ டாலர் டூர்' என்று பெயர். சீனப் பயணிகளை வைத்து நடந்த இந்த வியாபாரத்தின் மீது தாய்லாந்து அரசு 2016-ல் கடும் நடவடிக்கை எடுத்தது. சீனாவோ அதற்கு முன்பே, 2013 அக்டோபரில் அமலுக்கு வந்த சுற்றுலாச் சட்டத்தில், அநியாயமாகக் குறைந்த விலையில் ஆள் சேர்த்துக் கடைகளில் கமிஷன் பார்ப்பதைத் தடை செய்துவிட்டது. மீறினால், பயணம் முடிந்த 30 நாளுக்குள் வாங்கிய பொருளைத் திருப்பித் தந்து பணம் கேட்கலாம்.

இங்கே என்ன நிலை? வெளிநாட்டு பேக்கேஜ் என்றால் பான் எண் கேட்டு, டிசிஎஸ் வரியை ஏஜென்ட் மூலமாகவே அரசு பிடித்துக்கொள்கிறது. அதே ஏஜென்ட் மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம் பெறுவதோ அவரவர் விருப்பம். வரி வசூலிக்கத் தெரிந்த அரசுக்கு, வரி கட்டியவர் ஏமாறாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இல்லையா?

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. வெளிநாட்டு டூர் விற்பவர்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்க வேண்டும். எந்தக் கடையில் எத்தனை நிமிடம் என்பதைப் பணம் வாங்கும் முன்பே பயணத் திட்டத்தில் அச்சிட வேண்டும். கடைக்குள் வர விரும்பாதவர்களை வற்புறுத்தக் கூடாது. கடைகளால் தவறிப்போன இடத்துக்கு உரிய தொகையைத் திருப்பித் தர வேண்டும்.

அதுவரை, பயணத் திட்டத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி சொந்த மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. பத்துப் பேர் வழக்குப் போட்டால், பதினோராவது குடும்பத்தின் பஸ் நேராக அரண்மனைக்குப் போகும்.