கையெழுத்துப் போடும் முன்

இரண்டு வழக்குகள். இரண்டிலும் தொழிலாளர்கள் வேலை நேரத்தில் தூங்கியதாகக் குற்றச்சாட்டு. நிர்வாகம் வேலைநீக்கம் செய்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கலர்-கெம் நிறுவன வழக்கில், இரவு ஷிஃப்டில் விடியற்காலை மூன்றரை மணிவாக்கில் தூங்கியவர்களை நீக்கியது தவறுக்குப் பொருந்தாத கடுமையான தண்டனை என்று 1998இல் தீர்ப்பானது. பாரத் ஃபோர்ஜ் வழக்கில் தூங்கியவரோ பகல் ஷிஃப்ட்காரர். முன்பே மூன்று முறை தண்டனை பெற்றவர். அவரை நீக்கியது செல்லும் என்றது 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

தீர்ப்புகள் முரண்படவில்லை. என்ன சூழலில் நடந்தது, தொழிலாளியின் முந்தைய பணிக்காலம் எப்படி என்பதெல்லாம் எடைபோடப்பட்டன. தண்டனை அளவுக்கு மீறியிருந்தால் அதைக் குறைக்கும் அதிகாரத்தை, தொழில் தகராறுகள் சட்டத்தில் 1971இல் சேர்ந்த 11ஏ பிரிவு தொழிலாளர் நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அந்த அதிகாரம் நீடிக்கிறது.

‘என் கம்பெனி, என் பணம். வேண்டாத ஆளை அனுப்ப எனக்கு உரிமை இல்லையா?’ என்று முதலாளிகள் கேட்பதுண்டு. உண்டு. சட்டம் அதை மறுக்கவே இல்லை. காரணத்தைச் சொல், அவர் பதிலைக் கேள், பிறகு முடிவெடு என்பதுதான் அதன் நிபந்தனை. எட்டு நாளுக்கு மேல் வராவிட்டால் வேலை தானாகப் போய்விடும் என்று ஒரு ஆலையின் நிலையாணையில் இருந்தது. நீக்கப்பட்ட தொழிலாளியோ, தன்னை கேட்டிலேயே தடுத்துவிட்டார்கள் என்றார். எது உண்மை என்று விசாரிக்காமல் எப்படித் தெரியும்? பிழைப்பு என்பது வாழ்வுரிமையின் பகுதி, விசாரணையின்றி அதைப் பறிக்கக் கூடாது என்று 1993இல் ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலைநீக்கச் சட்டத்தின் உயிர் அந்த வரியில்தான் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

தவறே செய்யாதவரை ஆட்குறைப்பில் அனுப்பவும் முறை உண்டு. ஓராண்டில் 240 நாள் வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம். பொதுவாக, கடைசியில் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும். தமிழ்நாட்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஆறு மாதம் வேலை பார்த்துவிட்ட ஊழியரைக்கூட நியாயமான காரணமின்றி நீக்கக் கூடாது என்கிறது.

இத்தனை பாதுகாப்பையும் ஒரே தாளில் ஒன்றுமில்லாமல் செய்துவிடலாம். அந்தத் தாளின் பெயர் ராஜினாமா. எச்.ஆர். அறைக்குக் கூப்பிடுகிறார்கள். நீங்களாக எழுதிக் கொடுத்தால் ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வரும், இல்லையென்றால் டெர்மினேஷன், அடுத்த வேலை கிடைக்காது என்கிறார்கள். வீட்டுக் கடன் நினைவுக்கு வர, ஊழியர் கையெழுத்துப் போடுகிறார். அந்த நொடியில் அவர் நீக்கப்பட்டவர் இல்லை, விலகியவர். காரணம் சொல்லவும் வேண்டாம், விசாரிக்கவும் வேண்டாம். மிரட்டி வாங்கிய ராஜினாமா செல்லாது என்று வாதாடலாம்; ஆனால் மூடிய அறையில் நடந்த மிரட்டலுக்கு அவர் சாட்சிக்கு எங்கே போவார்?

அதனால் அந்த அறையில் அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வாருங்கள். அன்றைக்கே நடந்ததை மின்னஞ்சலில் எழுதி நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். சங்கத்தையோ தொழிலாளர் துறையையோ தாமதிக்காமல் அணுகுங்கள். முன்பு நீக்கப்பட்ட தொழிலாளி வழக்காட மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது; புதிய சட்டத் தொகுப்பு அதை இரண்டாகக் குறைத்துவிட்டது.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஒரே நிறுவனத்தில் ஒரே வாரத்தில் பலர் ராஜினாமா செய்தால், அது அவர்களாகக் கொடுத்ததுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பை நிர்வாகத்தின் மேல் சுமத்த வேண்டும். சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிற ஒருவரிடம் அதற்கான சான்றைக் கேட்பது நியாயமே இல்லை.