குஞ்சுக்கு முதல் நாள் தண்ணீரிலேயே காப்பு வேண்டும்
(சால்மோனெல்லா தடுப்பு மருந்து குறித்த கோரிக்கைச் சாசனம்)

கால்நடை பராமரிப்புத் துறைக்கும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கும், ஒன்றிய அரசுக்கும் நாமக்கல் வட்டார முட்டைக்கோழிப் பண்ணையாளர்களும் முட்டை உண்போரும் முன்வைப்பது:

சால்மோனெல்லா என்டெரிடிடிஸ் கிருமி தொற்றிய லேயர் கோழி பெரும்பாலும் நோய்க்குறி காட்டாது. சூலகத்தில் தங்கும் கிருமி, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடும். முட்டையைக் கழுவிப் பயனில்லை. நன்றாக வெந்த சத்துணவு முட்டைக்குப் பயமில்லை, ஆஃப்பாயிலுக்கு உண்டு. பிரிட்டனில் 1988 டிசம்பரில் இதைப் பேசிய இணை அமைச்சர் எட்வினா கரி பதவி விலக நேர்ந்தது, முட்டை விற்பனையும் சரிந்தது. பிறகு அங்கே கோழிகளுக்குத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். 2017-இல், அப்படி மருந்து பெற்ற கோழிகளின் சிங்க முத்திரை முட்டையைக் கர்ப்பிணிகளும் அரைவேக்காட்டில் உண்ணலாம் என்று அந்நாட்டு உணவுத் தர முகமையே சொன்னது.

எனவே, நம் பண்ணைகளில் பிடிபடும் கிருமியைக் கொண்டே, வீரியம் குறைத்த உயிருள்ள தடுப்பு மருந்தை உருவாக்க வேண்டும். செத்த கிருமி மருந்தென்றால் கோழி கோழியாகப் பிடித்து ஊசி போட வேண்டும். அது எதிர்ப்பொருளைத் தரும்; ஆனால் செல்லுக்குள் ஒளிந்து வாழும் இந்தக் கிருமிக்கு அது மட்டும் போதாது. உயிருள்ள மருந்தை, வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா மருந்து போலத் தண்ணீரிலேயே கொடுக்கலாம். குடலிலேயே எதிர்ப்பு உண்டாகும்.

வீரியக் குறைப்பு ஒரே மரபணு மாற்றத்தை நம்பி நிற்கக் கூடாது. கோழி டைபாய்டுக்கு 1956 முதல் அறியப்பட்ட 9ஆர் வகை மருந்தின் மீதுள்ள ஐயமே அது பழைய வீரியத்துக்குத் திரும்பிவிடுமோ என்பதுதான். 1981-இல் ஹொய்செத், ஸ்டாக்கர் இருவரும் அரோ-ஏ மரபணுவை முடக்கிக் காட்டிய வழி இருக்கிறது: கோழியின் உடலில் கிடைக்காத சத்தைத் தானே தயாரிக்க முடியாமல் கிருமி பெருகாது நின்றுவிடும். அப்படிப்பட்ட இரண்டு மரபணுக்களையேனும் முழுதாக நீக்க வேண்டும்.

இனி வருவதில் விட்டுக்கொடுக்க மாட்டோம். மருந்துக் கிருமியையும் பண்ணைக் கிருமியையும் பிரித்தறியும் சோதனை, மருந்தோடு சேர்ந்தே வர வேண்டும். அது இல்லையென்றால், மருந்து கொடுத்தவனின் கோழி எச்சத்தில் மருந்துக் கிருமியைக் கண்டு, அவன் பண்ணையையே நோய்ப் பண்ணை என்பார்கள். பிரித்தறிய முடியாத உயிருள்ள மருந்தை ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே விலக்கிவிட்டது. அடையாளத்துக்காக ஆன்டிபயாடிக் எதிர்ப்பை அந்தக் கிருமியில் ஏற்றுவதும் கூடாது. 2019-இல் கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தடை செய்த நாடு அதற்கு இடம் தரலாமா?

இராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்திலேயே தயாரியுங்கள். ஆயிரம் டோஸ் குப்பியோடு, புறக்கடையில் கோழி வளர்க்கும் பெண்களுக்கு நூறு டோஸ் குப்பியும் வேண்டும். குளோரின் கலந்த தண்ணீரிலோ, ஆன்டிபயாடிக் கொடுக்கும் நாளிலோ இந்த மருந்து செத்துப்போகும் என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

தாய்க்கோழிப் பண்ணைகளிலும் குஞ்சு பொரிப்பகங்களிலும் சால்மோனெல்லா சோதனையைக் கட்டாயமாக்கி, முடிவைக் குஞ்சு வாங்குபவருக்குக் காட்ட வேண்டும். எலி ஒழிப்பும் தீவனச் சுத்தமும் எங்கள் பொறுப்பு, அதைச் செய்கிறோம்.