கரிசல் மண்ணும் கழிவுநீர்க் குழியும்

நமது கோவிற்பட்டிப் பக்கத்தில் வீடு கட்டும் அங்கத்தினர்கள் அஸ்திவார விஷயத்தில் கொத்தனாரோடு பத்து நாள் ஆலோசிக்கிறார்கள். கரிசல் சுவரைப் பிளந்துவிடும் என்பது பாட்டன் காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி. ஆனால், கழிப்பிடத்துக்குப் பின்னால் தோண்டும் உறிஞ்சு குழியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. "நாலு உறை இறக்கினால் போதும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தொல்லை அங்கேதான் ஆரம்பமாகிறது என்பது என் அபிப்பிராயம்.

செப்டிக் டாங்க் மலத்தைத் தேக்கி மக்க வைக்கும், நீரை ஒழிக்காது. உள்ளே எவ்வளவு நீர் போகிறதோ அவ்வளவும் மறுபுறம் வெளிவரும். அதைக் குடிக்க வேண்டியது மண். 2019இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர் என்று கணக்கிட்டது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். குளியல் நீரையும் குழியிலேயே விடுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கரிசலின் களித்துகள் நீரைக் கண்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். சித்திரையில் ஒரு குடம் நீரை ஊற்றினால் வெடிப்பு வழியே மாயமாய் மறையும். அதைக் கண்டு நானும் ஏமாந்தேன். கார்த்திகை அடைமழையில் அதே குழியில் நீர் விளிம்பு வரை நின்றது. கழிப்பிடத்தில் ஊற்றிய நீர் திரும்பி மேலே வந்தது. வீட்டுப் பெண்கள் மழை ஓயும் வரை பழையபடி காட்டுப்பக்கம் போனார்கள். அந்தச் சித்திரை நீரும் மண்ணால் வடிக்கப்பட்டதன்று. வெடிப்பு வழியே இறங்கும் அழுக்கு நீர் கிணற்றைக் கெடுக்க வல்லது.

ஆதலின் குழி தோண்டுமுன் மண்ணைச் சோதிப்பது அவசியம். 1985ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி 2470, இரண்டாம் பாகம், இதற்கு முறை வகுத்துள்ளது. உத்தேசித்த ஆழத்துக்கு ஒரு சாண் அகலத்தில் சிறு குழி எடுத்து, கடப்பாரை தேய்த்து வழவழப்பாக்கிய பக்கங்களைச் சுரண்டிவிட வேண்டும். அடியில் 5 செ.மீ. சரளை பரப்பி, அதன்மேல் 30 செ.மீ. உயரத்துக்கு நீர் ஊற்றி இரவு முழுதும் ஊறவிட வேண்டும். கோடையில் ஓர் இரவு போதாது, வெடிப்பு மூடும் வரை இரண்டு மூன்று நாள் ஊற்றவேண்டும் என்பேன். மறுநாள் சரளைக்கு மேல் 15 செ.மீ. நீர் நிறுத்தி, அரை மணியில் எவ்வளவு இறங்குகிறது என்று கோலால் அளக்க வேண்டும். 2.5 செ.மீ. இறங்க 30 நிமிஷத்துக்கு மேற்படாவிடில் உறிஞ்சு குழி தகும். 60 நிமிஷம் வரை ஆனால், ஆழமற்ற நீண்ட சரளை வாய்க்கால்தான் தகும். அதற்கும் மேற்பட்டால், மண்ணை நம்புவதே வீண். தொட்டி நீரைச் சரளை வடிப்பானில் கீழிருந்து மேலாகச் செலுத்தி, வெளிவருவதைத் தோட்டத்து மரங்களுக்கு விடலாம். செலவு கூடும், மறுப்பதற்கில்லை. மாதந்தோறும் லாரி வைத்துத் தொட்டியை இறைக்கும் செலவையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

கரிசலுக்கு அடியில் சில இடங்களில் சுக்கானும் சரளையும் உண்டு. ஊரின் ஒரு கோடியில் செவலும் இருக்கலாம். அண்டை வீட்டுக் குழி நன்றாயிருப்பது நமக்கு அத்தாட்சியாகாது. அடிச்சரளையில் நீர் விரைந்து இறங்கினால் கிணற்றுக்கு ஆபத்து. குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும்.

2014இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் கழிப்பிடத்துக்கு 12,000 ரூபாய் என்று வைத்தது. தொகை எல்லா ஊருக்கும் ஒன்றே, மண் அப்படியில்லை. வீட்டுக்கடன் தரும் சங்கங்கள், வரைபடத்தோடு மேற்படி சோதனைக் குறிப்பையும் மனுவில் கேட்க வேண்டும் என்று மகாசபையில் யாராவது பிரேரேபிக்க வேண்டும். காலதாமதமாகும் என்று ஆட்சேபிப்பார்கள். நாலு நாள் தாமதந்தானே!

நெசவாள அங்கத்தினருக்குத் தனியே ஒரு வார்த்தை. வீட்டை ஒட்டிய குழி நிரம்பினால் ஈரம் தறிக்குழியில் ஏறும். குழியை வீட்டிலிருந்து 6 மீட்டர் தள்ளி வையுங்கள். சாயம் போட்ட நீரைச் செப்டிக் டாங்கில் ஊற்றாதீர்கள், மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மாண்டுபோகும். டாங்க் அடைத்துக்கொண்டால் ஆளை உள்ளே இறக்கவே கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. உள்ளிருக்கும் விஷவாயு ஒரு மூச்சில் உயிரைக் கொண்டுபோய்விடும்.