விலை ஏற்றமும் முதல் போடும் விவேகமும்

நெல் வயலையும் திராட்சைப் பந்தலையும் ஏலத் தோட்டத்தையும் ஒருங்கே அறிந்த குடியானவர்களைக் கூடலூர்ப் பகுதியில் காண்பதுபோல வேறிடங்களில் காண்பது அரிது. 1895-ஆம் வருஷத்தில் பெரியாறு அணை முடிவுபெற்று, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தண்ணீர் கிழக்கு நோக்கித் திருப்பப்பட்டதன் பயனாக, லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் பூமியாக விளங்குகிறது. மேட்டு நிலங்களில் பன்னீர்த் திராட்சை பயிராகிறது. குமுளி மலைப்பாதைக்கு அப்பால் இடுக்கி மலைகளில் ஏலத் தோட்டம் உடையவர்களும், அத்தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்தவர்களும் இவ்வூர்களில் அநேகர் உளர். இவ்வளவு வகையான வருவாய் இருந்தும், நல்ல விலை கிடைத்த வருஷத்திற்குப் பின் இரண்டு மூன்று வருஷங்களில் கடன்பட்டு நிற்கும் குடும்பங்களைக் காண நேர்கிறது. அவர்களுடைய உழைப்பிலும் சாகுபடி அறிவிலும் குறை சொல்ல இடமில்லை. முதல் போடத்தக்க காலம் எது என்பதை நிதானிப்பதிலேயே பிழை நேர்கிறது.

பெரியாறு அணையின் நீர்மட்டம் இத்தனை அடி என்று கேட்டவுடன் எந்தக் குடியானவரும் நாற்று விடத் தொடங்குவதில்லை. அணைக்கு வரும் தண்ணீர் எத்தனை கன அடி, வெளியேறுவது எத்தனை, தென்மேற்குப் பருவமழை மலையில் பிடித்துவிட்டதா என்று விசாரித்த பின்னரே முடிவு செய்கிறார். அதே குடியானவர் விளைபொருளின் விலையைப் பார்க்கும்போது மட்டும் இன்றைய மட்டத்தை நோக்குகிறாரேயன்றி, வரத்தையும் செலவையும் நோக்குவதில்லை. சந்தையின் போக்கை அறிதல் என்பது படித்தவர்களுக்கே உரிய வித்தையன்று. அணையைப் பார்க்கும் கண்ணாலேயே சந்தையையும் பார்த்தால் போதுமானது.

ஏலக்காய் காட்டிய உண்மை

2018-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் கேரளத்தில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் ஏலத் தோட்டங்கள் சேதமடைந்தன. அதனை அடுத்து 2019-ன் முற்பகுதியில் வறட்சி நேர்ந்தது. சரக்கு வரத்துக் குறைந்தமையால் விலை ஏறிக்கொண்டே சென்று, 2019 ஆகஸ்டு மாதம் புற்றடியில் நடந்த மின்னணு ஏலத்தில் கிலோ ஒன்றுக்கு 7,000 ரூபாய் என்னும் உச்ச விலை கேட்கப்பட்டது. இச்செய்தி ஊரெங்கும் பரவியது. ஆயின் அது மிக உயர்ந்த ரகமான ஒரு குவியலுக்குக் கிடைத்த விலை; அன்றைய சராசரி விலை அதற்கு மிகவும் கீழாகவே இருந்தது. உச்ச விலையைக் கேட்டவர் ஆயிரம் பேர். சராசரியை விசாரித்தவர் சிலரே.

மேலும், விலை உச்சிக்கு ஏறியது என்றால் பெரும்பாலோரிடம் விற்பதற்குச் சரக்கு இல்லை என்பதே அதன் பொருள். ஒருவரது காய் நான்கு பங்கு விலைக்குப் போவது பிறர் தோட்டம் காய்ந்ததனாலேயே ஆகும். அத்தகைய விலையை நிரந்தரமாகக் கருதி முதல் போடுவது, வெள்ளக் காலத்து ஆற்றைப் பார்த்துக் கோடைச் சாகுபடிக்குத் திட்டம் வகுப்பதை ஒக்கும்.

ஏலம் நட்டு இரண்டு மூன்று வருஷங்கள் சென்ற பிறகே பலன் தரத்தக்கது. 2019-ன் விலையைக் கண்டு நட்டவரது செடி காய்ப்புக்கு வந்த காலம் 2022-ஆம் வருஷமாகும். அவ்வருஷத்தில் சராசரி விலை கிலோவுக்கு ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கியிருந்தது. பலர் ஒரே காலத்தில் நட்டது இதற்கு ஒரு காரணம். உலகில் மிகுதியாக ஏலம் விளைவிக்கும் கோட்டமாலா நாட்டின் சரக்கு வளைகுடா நாடுகளின் சந்தையில் நம் சரக்கோடு போட்டியிடுவது மற்றொரு காரணம். மீண்டும் 2024-ன் கோடை வறட்சியில் இடுக்கித் தோட்டங்கள் வாடின, விலையும் ஏறிற்று. பழைய பேச்சும் உடனே எழுந்தது. ஏறுவதும் இறங்குவதும் இவ்வியாபாரத்தின் இயற்கை என்பதை உணர்ந்தோர்க்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை.

வனிலாக் கொடியின் பாடம்

இதனினும் கடுமையான பாடம் ஒன்றை அம்மலைகள் முன்னரே கண்டுள்ளன. 2000-ஆம் வருஷத்தில் மடகாஸ்கர் தீவை ஒரு புயல் தாக்கியதன் பின், உலகச் சந்தையில் வனிலாவின் விலை ஏறத் தொடங்கி, 2003-ல் பதப்படுத்திய காய் கிலோ 400 டாலருக்கு மேல் விற்கும் நிலை வந்தது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் மிளகையும் காப்பியையும் விட்டுக் கொடி நட்டவர் பலர். கொடி காய்க்க மூன்று வருஷமாகும். அதற்குள் மடகாஸ்கரில் விளைச்சல் திரும்பியது. ஆலைகளும் விலை குறைந்த செயற்கை வாசனைப் பொருளுக்கு மாறின. 2005-ல் விலை 50 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. கொடிகளைப் பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு. பயிர் பழுதுபடவில்லை, கணக்கே பழுதுபட்டது.

திராட்சையின் நிலை சிறிது வேறானது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை, கவாத்துச் செய்த சுமார் நான்கு மாதத்தில் அறுவடைக்கு வருகிறது. ஆகவே அதன் விலைப்போக்கை வருஷக் கணக்கில் அல்லாமல் மாதக் கணக்கில் கவனித்தல் வேண்டும். வடநாட்டு விதையில்லாத் திராட்சை வந்து குவியும் மாதங்களில் நம் பழத்தின் விலை தாழும் என்பதை எண்ணிக் கவாத்தைப் பிரித்துச் செய்பவர் தப்புகிறார். பழம் இருப்பு வைக்கத்தக்கதன்று. 2020 மார்ச்சு மாதம் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது பழுத்த பழத்தை ஏற்றியனுப்ப வழியின்றித் தவித்தவர்கள் இதனை நன்கு அறிவார்கள்.

ஓர் ஆட்சேபம்

"விலை நன்றாக உள்ள வருஷத்தில்தானே கையில் பணம் இருக்கிறது, அப்போதின்றி எப்போது முதல் போடுவது?" என்று கேட்கலாம். இக்கேள்வி நியாயமானதே. ஆனால் உச்ச விலைக் காலத்தில் கன்றின் கிரயமும் குத்தகையும் கூலியும் சேர்ந்தே ஏறிவிடுகின்றன. வந்த பணத்தை அவ்வருஷமே செலவிட்டாக வேண்டும் என்ற நியதி எதுவும் இல்லை. நல்ல வருஷத்தில் கடனைத் தீர்த்துப் பணத்தைப் பத்திரப்படுத்தி, விலை சாதாரணமாக உள்ள வருஷத்தில் நிதானமாக முதல் போடுபவரே அடுத்த ஏற்றம் வரும்போது காய்க்கும் தோட்டத்துடன் இருப்பார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்ற மூதுரை முதல் போடுவதற்கும் பொருந்தும்.

சராசரி காணும் முறை

விலை எப்போது ஏறும் என்று முன்கூட்டி உரைக்க எவராலும் இயலாது. அவ்வாறு உரைப்பவரை நம்பாதிருத்தலே நலம். ஆனால் சென்ற ஐந்து வருஷங்களின் சராசரியை எவரும் கணக்கிடலாம். உதாரணமாக, ஒரு பொருளின் விலை ஐந்து வருஷங்களில் முறையே 900, 1,000, 1,100, 3,000, 1,500 ரூபாய் என்று கொள்வோம். மொத்தச் சராசரி 1,500 ரூபாயாகும். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டால் எஞ்சிய மூன்றின் சராசரி 1,200 ரூபாய். இந்த 1,200 ரூபாய் விலையில் சாகுபடிச் செலவும் கடனின் தவணையும் போகக் குடும்பத்திற்கு மிஞ்சுமா என்று பார்க்க வேண்டும். மிஞ்சினால் முதல் போடலாம். 3,000 ரூபாய் விற்றாலன்றிக் கட்டாது என்றால், அது சாகுபடியன்று, சூதாட்டமே.

கடன் வாங்கி நடுபவர் மற்றொரு கணக்கையும் பார்த்தல் அவசியம். நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் 3,00,000 ரூபாய் வாங்கிப் பலன் வரும்வரை மூன்று வருஷம் வட்டியும் கட்டாதிருந்தால், கடன் சுமார் 4,21,000 ரூபாயாகப் பெருகிவிடும். முதற் காய் பறிக்கு முன்னரே இத்தொகை தலைமேல் நிற்கிறது.

மிஞ்சிய பணத்தை வைக்குமிடம்

உபரிப் பணத்திற்கு ஒரு வரிசை உண்டு. முதலாவது, உயர்ந்த வட்டிக் கடனைத் தீர்த்தல். நூற்றுக்கு இருபத்துநான்கு வட்டிக் கடனை அடைப்பதே அவ்வட்டியைச் சம்பாதிப்பதற்குச் சமமாகும். இரண்டாவது, ஒரு வருஷத்துக் குடும்பச் செலவையும் சாகுபடிச் செலவையும் தனியே வைத்தல். மூன்றாவது, கிணறு, சொட்டு நீர்ப் பாசனம், பந்தற் கல் முதலிய, விலை தாழ்ந்த காலத்திலும் பயன் தரும் நிலச் சீர்திருத்தங்கள். இவை முடிந்த பின்னரே மற்றவை.

பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதும் நஷ்டமே. எழுபத்திரண்டை வட்டி வீதத்தால் வகுத்தால் தொகை இரட்டிக்கும் வருஷம் கிடைக்கும். பண்டங்களின் விலை ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வீதம் ஏறுமாயின், பன்னிரண்டு வருஷத்தில் பெட்டியிலுள்ள ரூபாய் பாதிச் சரக்கே வாங்கும். தபாலாபீஸ் பத்திரங்களும் பாங்கித் தவணை வைப்பும் இத்தேய்வைப் பெரும்பாலும் ஈடு செய்யக்கூடியவை. 2020 முதல் ஒரு பாங்கியில் ஒருவரது வைப்பில் 5 லட்சம் ரூபாய் வரை காப்புறுதி உண்டு. கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களின் வைப்புக்கு இக்காப்புறுதி பொருந்தாது என்பதையும் அறிந்திருத்தல் நலம். நகையில் செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வருவதில்லை. பங்குகளிலும் பரஸ்பர நிதிகளிலும் போடுவதானால், ஐந்தாறு வருஷங்களுக்குத் தேவைப்படாத பணத்தையே, சிறிது சிறிதாகப் போடலாம். ஊரெல்லாம் லாபத்தைப் பேசும் நாளில் மொத்தமாகப் போடுவது, ஏலக்காயின் உச்ச விலையில் தோட்டம் வாங்குவதைப் போன்றதே.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது

நிலத்தின் பெயராலேயே குடியானவரை வஞ்சித்த திட்டங்களும் உண்டு. தேக்கு மரம் வளர்த்துப் பல மடங்கு தருவதாகப் பணம் திரட்டிய கம்பெனிகள் 1990-களின் இறுதியில் சரிந்தன. 2012-ல் பெருந்துறைப் பக்கத்து ஈமுக் கோழிப் பண்ணைத் திட்டங்கள் வீழ்ந்தபோது, பறவைகளுக்குத் தீனியிடும் பொறுப்புங்கூடச் சர்க்காரைச் சேர்ந்தது. முதலீட்டாளர் நலனைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997-ல் தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு 1999-ல் செபி விதிகள் வகுத்தது. எனினும் சட்டம் வருவது பெரும்பாலும் பணம் போன பின்னரே. வருஷத்திற்கு நூற்றுக்கு முப்பத்தாறு தருவதாக ஒருவர் சொன்னால், இரண்டு வருஷத்தில் பணத்தை இரட்டிக்கும் தொழில் யாது என்று கேட்க வேண்டும். அனுமதி பெற்ற நிறுவனமா என்பதை ரிசர்வ் பாங்கியின் 'சசேத்' இணையதளத்தில் பார்க்கலாம்.

கிராம அதிகாரிகளும் சங்க நிர்வாகிகளும் இவ்விஷயத்தில் செய்யத்தக்க எளிய உபகாரம் ஒன்று உண்டு. நறுமணப் பொருள் வாரியம் ஒவ்வொரு ஏலத்திற்கும் வந்த சரக்கு, விற்ற சரக்கு, உச்ச விலை, சராசரி விலை ஆகிய நான்கையும் வெளியிட்டு வருகிறது. இவற்றுள் ஊரில் பரவுவது உச்ச விலை ஒன்றே. கிராமச் சாவடியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஒரு பலகை வைத்து, அன்றைய வரத்தையும் சராசரி விலையையும், அதன் பக்கத்தில் ஐந்து வருஷச் சராசரியையும் எழுதிவைக்கலாம். செலவு ஒரு சுண்ணக்கட்டியே. கடன் கேட்டு வருபவரும் கொடுப்பவரும் அப்பலகையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினால், விலை இறங்கும் வருஷத்தில் அடமானத்திற்குப் போகும் நிலங்களில் சில குடும்பத்திலேயே தங்கும்.